பாலித் தீவில் கேட்ட காவிரி!

குழந்தைகளே, உங்களுக்குத் தெரியாத மொழி பேசும் ஒருவருடன் நெடுந்தூரம் காரில் போக வேண்டும். கூடவே பேச மொழிபெயர்ப்பாளரும் இல்லை. என்ன செய்வீர்கள்? சும்மா ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பீர்கள், இல்லையா?

நம் மகாகவி ரவீந்திரநாத் தாகூருக்கும் அப்படி ஒரு சங்கடம் வந்தது. 1913ல் நோபல் பரிசு பெற்ற அவர், 1927ல் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போனார். அப்போது அது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அவருக்கு வயது 66. மொழியியல் அறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜியும், சாந்திநிகேதன் ஓவியர்களும் உடன் சென்றனர்.

அங்கே கரங்காசெம் என்ற ஊரின் ராஜா, தம் காரில் தாகூரை அழைத்துச் சென்றார். வழியெங்கும் பச்சை வயல்கள், தென்னந்தோப்புகள், சிற்றூர்கள். ஆனால், இருவரும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கவிஞருக்கே பேச்சு இல்லையென்றால் எப்படி இருந்திருக்கும்!

திடீரெனக் கடல் தெரிந்தது. ராஜா அதைக் காட்டி, "சமுத்ரா" என்றார். தாகூருக்கு ஒரே வியப்பு! நாமும் சமுத்திரம் என்கிறோமே! அவருடைய முகம் மலர்ந்ததைக் கண்ட ராஜா, கடலைக் குறிக்கும் மற்ற சம்ஸ்கிருதச் சொற்களையும் அடுக்கினார். பிறகு இமயம், விந்தியம் என்று மலைகளின் பெயர்கள். ஓரிடத்தில் ஆறு ஒன்றைக் கண்டதும் கங்கை, யமுனை, நர்மதை, கோதாவரி என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த வரிசையில் நம் காவிரியும் இருந்தது!

பல நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போன பெயர்களை அத்தீவு மக்கள் மறக்காமல் காத்து வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான், அந்தக் காருக்குள் இருந்த அந்நியம் மறைந்துவிட்டது.

முண்டுக் என்ற மலைக்கிராமத்தில் தங்கி, தாம் கண்டவற்றைக் கடிதங்களாக எழுதினார் தாகூர். அடுத்து ஜாவாவுக்குச் சென்று, அங்குள்ளவர்கள் ராமாயண, மகாபாரதக் கதைகளை ஆடிக் காட்டுவதைக் கண்டு மகிழ்ந்தார். துணியில் மெழுகு தடவிச் சாயமேற்றும் 'பாத்திக்' கலை, அந்தப் பயணத்திற்குப் பின் சாந்திநிகேதனில் வேரூன்றியது. பின்னாளில் அவர் உருவாக்கிய நாட்டிய நாடகங்களிலும் ஜாவா நடனத்தின் சாயல் உண்டு.

உங்கள் வகுப்பிலும் வேற்று மொழி பேசும் மாணவன் ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கலாம். அவனுக்கும் உங்களுக்கும் தெரிந்த ஒரு சொல் கட்டாயம் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். நட்பு தானே வரும்!