கீழாநெல்லிக்கு ஒரு பரீட்சை

மழை ஓய்ந்ததும் வரப்போரத்தில் முளைக்கும் கீழாநெல்லியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளின் கீழே கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர்க் காரணம் அதுதான். மஞ்சள் காமாலை கண்டால் இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் ஊர் வழக்கம். பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அப்படியானால், குணப்படுத்தியது கீழாநெல்லிதானா?

அவசரப்பட வேண்டாம். காமாலை என்பது தனி நோயன்று; நோயின் அறிகுறி. பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரோடு வெளியேற்றுகிறது. கல்லீரல் நலிந்தால் அது இரத்தத்தில் தேங்கும், கண் மஞ்சளாகும். அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் இதற்கு ஒரு காரணம். இந்நோய் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். மருந்து உண்டவரும் தேறுவார், உண்ணாதவரும் தேறுவார். பின் மருந்தின் திறனை அறிவது எப்படி?

ஒப்பிட்டுத்தான்! சென்னையில் தியாகராஜன் குழுவினர் அதைச் செய்தனர். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து, 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அவர்களுடன் சேர்ந்திருந்தார். இவ்வைரஸ் சிலர் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அத்தகையோரில் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடியும், மறு பிரிவினருக்கு மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்தும் 30 நாள் கொடுக்கப்பட்டன. 1988இல் முடிவு வெளியாயிற்று. கீழாநெல்லி உண்டு, பின்னர் பரிசோதிக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளப் பொருள் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது!

ஆனால், அறிவியலில் ஒரு பரீட்சை போதாது. பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் இந்தப் பலன் கிட்டவில்லை.

அதற்காக இச்செடியை ஒதுக்கிவிடலாமா? கூடாது. இதிலுள்ள பில்லாந்தின் என்னும் பொருள், எலியின் கல்லீரல் செல்களை நச்சுப் பொருள்களிடமிருந்து காத்ததை 1985இல் ஆய்வாளர்கள் கண்டனர். எனினும், ஆய்வுக்கூடத் தட்டில் வென்ற பொருள் மனித உடலிலும் வெல்ல வேண்டும். அந்தப் பரீட்சையில் கீழாநெல்லி இன்னும் தேறவில்லை.

ஆகவே நண்பர்களே, யார் கண்ணிலாவது மஞ்சள் தெரிந்தால், கீழாநெல்லியை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காரணம் எது என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லும். ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. அது பல பரீட்சைகளில் தேறிய ஒன்று!