விடிய விடிய ஆடியவருக்கு விடிந்தபின் என்ன?

திருத்தணி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? 365 படிகள் ஏறிச் செல்லும் மலைக்கோயில். ஆடிக் கிருத்திகையன்று திரளும் காவடிக் கூட்டம். 1888-இல் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்த ஊர் என்னும் பெருமை. இவை யாவரும் அறிந்தவை. ஆனால் அம்மலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், கோடை இரவுகளில், ஊரே கூடி அமர்ந்து விடியும்வரை பார்க்கும் ஒன்று உண்டு. அதுதான் தெருக்கூத்து. தொண்டை மண்டலத்தின் தொன்மையான நாடகக் கலை அது.

திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும். இரவில் அதே கதை கூத்தாக ஆடப்பெறும். ஏறத்தாழ இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும்வரை ஆட்டம் நீளும். மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் அணிந்து, ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை ஆகியவற்றின் ஒலிக்கு ஈடுகொடுத்துப் பாடி, ஆடி, வசனமும் பேசவேண்டும். எட்டு மணி நேரம் இவ்வாறு உழைப்பது எளிதா? ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எல்லை மாறியது, கலை மாறவில்லை

1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, அன்றைய சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் ஆந்திரத்திற்குச் சென்றது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் அது மீண்டும் தமிழகத்தோடு இணைந்தது. நிலத்தில் கோடு கிழித்தார்கள். கலைக்குக் கோடு கிழிக்க எவராலும் முடியவில்லை. சித்தூர்ப் பகுதியில் இன்றும் மகாபாரத விழாக்களில் பகலில் ஹரிகதையும் இரவில் 'வீதி நாடகம்' என்னும் தெலுங்குக் கூத்தும் நடைபெறுகின்றன. மொழி வேறு, வேடமும் வியர்வையும் ஒன்றே.

கூத்துக் குழுவை வட மாவட்டங்களில் 'ஜமா' என்று அழைக்கிறார்கள். நம் இல்லங்களில் அன்றாடம் புழங்கும் 'ஜமாஅத்' என்னும் சொல்லின் ஓசை அதில் கேட்கிறதல்லவா? 2024-இல் இப்பெயரிலேயே ஒரு தமிழ்த் திரைப்படம் கூத்துக் கலைஞர்களின் வாழ்வைச் சித்திரித்தது.

ஒரு ஜமாவின் வருமானம் எவ்வாறு அமைகிறது? ஊரார் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் தருவார்கள். வண்டி வாடகையும் பிற செலவுகளும் போக எஞ்சியதை ஜமாவினர் பங்கிட்டுக் கொள்வார்கள். விழாக்காலம் முடிந்து மழை தொடங்கியதும் இந்த வருவாய் நின்றுவிடும். அதன்பின் வயல் வேலை, கூலி வேலை, கிடைத்தால் தறி வேலை. நோயுற்றாலோ விடுப்பூதியம் இல்லை. முதுமைக்குச் சேமநிதியும் இல்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தது எப்போது? மார்ச் இறுதியில், அதாவது திருவிழாக்கள் சூடுபிடிக்கும் நேரத்தில். ஆண்டு முழுவதற்கும் அடுப்பெரிய வேண்டிய மாதங்கள் அப்படியே கைநழுவிப் போயின. மாதச் சம்பளம் பெறுவோருக்கு அது வீட்டில் முடங்கிய காலம். கூத்துக் கலைஞருக்கோ அது அறுவடையே இல்லாத ஆண்டு.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

"அவர்கள் ஆடும் கதை நம்முடையதன்று, நாம் ஏன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கதையின் நம்பிக்கை வேறு, உழைப்பின் உரிமை வேறு. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் போதனையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்போதனை உழைப்பவனின் மதத்தை விசாரிக்கச் சொல்லவில்லையே!

மேலும், இத்தகைய கலைஞர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். ரமளான் இரவுகளில் தாயிரா அடித்துப் பாடி நம்மை ஸஹருக்கு எழுப்பும் பக்கீர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நிலையான ஊதியம் உண்டா? பெருநாளன்று நாம் கையில் வைக்கும் சில நோட்டுகள் தவிர வேறென்ன உண்டு? நாடகமும் நமக்கு அந்நியமானதன்று. இராஜநாயகம் பாடிய வண்ணக்களஞ்சியப் புலவர் அலிபாதுஷா நாடகத்தையும் இயற்றியவர்.

சீறாப்புராணம் நமக்குக் கிடைத்த வரலாற்றையும் நினைவுகூருவோம். உமறுப் புலவரை அக்காவியம் பாடத் தூண்டி ஆதரித்தவர் வள்ளல் சீதக்காதி. காவியம் முற்றுப்பெறுமுன் வள்ளல் மறைந்தார். அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து புலவரைத் தாங்கியிராவிட்டால் அந்நூல் என்னவாகியிருக்கும்? ஒரு மனிதரின் ஈகையை மட்டும் நம்பியிருக்கும் கலை, அம்மனிதரின் ஆயுளைப் போலவே நிலையற்றது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது. வள்ளன்மை போற்றத் தக்கதே. ஆயினும் அது மட்டும் போதாது. நிலையான ஏற்பாடு வேண்டும்.

ஏற்பாடு செய்தவர்கள்

அத்தகைய ஏற்பாட்டைக் கலைஞர்களே செய்துகாட்டிய ஊர், திருத்தணிக்குத் தெற்கே உள்ள காஞ்சிபுரம். தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடிய குடும்பத்தில் பிறந்த ப.இராஜகோபால் உள்ளிட்ட கலைஞர்கள் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். நெதர்லாந்திலிருந்து ஆய்வாளராக வந்த ஹன்னே டி புரூய்ன் அம்மையார் அவர்களுக்குத் துணைநின்றார். 2002-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கப்பெற்றது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே தங்கிப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒருங்கே கற்றனர். ஆண்களே பெண் வேடமும் புனைந்துவந்த கலையில், பெண் பிள்ளைகளும் மேடையேறினர். கலையைக் கற்கும் பிள்ளை கல்வியை இழக்க வேண்டியதில்லை என்று நிரூபித்த அக்குருகுலம் 2020 வரை நடைபெற்றது.

சென்னையில் நா.முத்துசாமி 1977-இல் 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கினார். திருவண்ணாமலை மாவட்டப் புரிசையைச் சேர்ந்த கண்ணப்பத் தம்பிரானின் கூத்து, அங்கு நடிகர்களின் பயிற்சிக்கு உரமாயிற்று. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி கிடைத்த காலத்தில், நடிகர்கள் முழுநேரமும் பயிற்சி பெற வழி பிறந்தது. இன்று திரையில் நாம் காணும் பசுபதி போன்ற நடிகர்கள் அப்பட்டறையில் உருவானவர்களே. திரையுலகம் அறுவடை செய்தது. விதைத்தவர்களோ வாடகைக்கும் மின்கட்டணத்திற்கும் திண்டாடினர். வெளிநாட்டு நிதியும் ஒருவகை வள்ளன்மைதான். அதுவும் ஒருநாள் நின்றுவிடும்.

தமிழக அரசு 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தை அமைத்தது. உறுப்பினராகப் பதிவு செய்தோருக்குக் கல்வி, திருமணம், விபத்து, மரணம் ஆகியவற்றுக்கான உதவித்தொகைகள் உண்டு. நலிந்த நிலையிலுள்ள முதிய கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் வாயிலாக மாத உதவியும் வழங்கப்படுகிறது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவருக்கு வாரியம் இருந்தும் என்ன பயன்? எல்லைக்கு அப்பால் நகரியில் வசித்துக்கொண்டு இப்பக்கம் வந்து ஆடுபவர் எந்த மாநிலத்தின் கதவைத் தட்டுவார்?

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு அணுகுகின்றன? ஜெர்மனியில் 1983 முதல் கலைஞர் சமூகக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. தனித்தியங்கும் கலைஞர் தம் காப்பீட்டுத் தொகையில் பாதியைச் செலுத்தினால் போதும். மீதிப் பாதியை அவர் கலையைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் அரசும் ஏற்கின்றன. பிரான்சில் ஓராண்டில் 507 மணி நேரம் பணியாற்றிய மேடைக் கலைஞர், வேலையற்ற நாள்களுக்கும் உதவித்தொகை பெறலாம். அயர்லாந்து 2022-இல் சோதனை முறையில் 2,000 கலைஞர்களுக்கு வாரந்தோறும் 325 யூரோ வழங்கத் தொடங்கியது. இவை தருமம் அல்ல. கலைஞனும் ஒரு தொழிலாளி என்னும் ஒப்புதல்.

நாம் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுமா? உங்கள் வீட்டு விசேஷத்திற்கோ பள்ளி விழாவிற்கோ பாடகரையோ சிலம்பக் குழுவையோ அழைத்தால், தொகையை முன்கூட்டியே தெளிவாகப் பேசுங்கள்; நிகழ்ச்சி முடிந்த அன்றே முழுவதையும் கொடுத்து அனுப்புங்கள். "பிறகு வாருங்கள்" என்று அலைக்கழிக்காதீர்கள். உணவும் தங்க இடமும் கூலிக்கு மேலானவை. கூலிக்கு ஈடானவை அல்ல என்பதை மறவாதீர்கள். உங்கள் வீட்டில் கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ இருந்தால், தெருவிலுள்ள ஒரு கலைஞருக்கேனும் நல வாரிய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அரை நாள் உழைப்பு ஒரு குடும்பத்திற்கு ஆயுள் முழுதும் துணையாகலாம். ஸஹருக்கு எழுப்ப வரும் பக்கீருக்கு உங்கள் மஹல்லா ஜமாஅத் ஏன் ஒரு மாதத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது? அடுத்த கூட்டத்தில் நீங்களே இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. குழந்தை குறும்பு செய்தால் "கூத்தாடி" என்று திட்டும் பழக்கத்தை நம் நாவிலிருந்து அகற்றுவோம். ஓர் இரவு முழுவதும் கண் விழித்து, ஓர் ஊரையே சிரிக்கவும் அழவும் வைப்பவரின் பெயர் அது. அது எவ்வாறு வசைச்சொல் ஆகும்?

வரும் கோடையிலும் திருத்தணி வட்டாரத்து ஊர்களில் மிருதங்கம் முழங்கும்; விடியற்காலையில் ஆடியவர்கள் முகத்து அரிதாரத்தைத் துடைத்துவிட்டு வண்டிக்காகக் காத்திருப்பார்கள். அந்நேரம் அவர்கள் மடியில் இருக்க வேண்டியது கைதட்டலின் நினைவு மட்டுமன்று, பேசிய கூலி முழுவதும்தான். அதை உறுதி செய்வது பார்ப்பவர்களின் கடமை, அழைப்பவர்களின் கடமை, நம் அனைவரின் கடமை.