நகல் சரிதானா?

கணிப்பொறியில் உள்ள கோப்புகளுக்கு மற்றோர் இடத்தில் நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்த நகல் மூலத்தைப் போலவே இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? திரையில் பிழை ஏதும் தோன்றாவிட்டால் எழுந்து போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற பருவத்தில் இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையைச் சோதித்துப் பார்த்தபோதுதான் இந்த ஐயம் எனக்கு எழுந்தது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக், மேத்யூ அஹ்ரென்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கிய பணி இது. 2005இல் சோலாரிஸின் மூலநிரலில் இடம்பெற்றது. இன்று லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றிலும் இயங்குகிறது. இதன் அடிப்படை விதி ஒன்றே: இருக்கும் தகவலின்மேல் எழுதாதே! செய்முறை ஏட்டில் தவறான அளவீட்டை அழிக்காமல், புதிய பக்கத்தில் எழுதிப் பொருளடக்கத்தை மட்டும் திருத்துகிறோம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். பழைய பக்கம் அப்படியே இருப்பதால், பழைய பொருளடக்கத்தை எடுத்து வைத்தாலே அந்த நேரத்து நிலை முழுவதும் கிடைத்துவிடும். இதையே ஸ்நாப்ஷாட் என்கிறார்கள்.

திங்களன்று ஒரு ஸ்நாப்ஷாட், செவ்வாயன்று ஒன்று எடுத்தால், இடையில் மாறியதை மட்டும் நகலுக்கு அனுப்பலாம். மாறியது எது என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் படித்து ஒப்பிட வேண்டியதில்லை. தகவல் ‘பிளாக்’ எனப்படும் துண்டுகளாக மரம்போல் அடுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பிளாக்கையும் காட்டும் சுட்டியில் அது பிறந்த வேளையைக் குறிக்கும் எண் உண்டு. இலை ஒன்று மாறினால் அதற்கு மேலுள்ள கிளைகளும் வேர்வரை புதிதாக எழுதப்படும். எனவே ஒரு கிளையின் பிறப்பெண் திங்கட்கிழமைக்கு முந்தையது எனில், அதன் கீழே எதுவும் மாறியிருக்க முடியாது. அந்தக் கிளையையே தாண்டிச் சென்றுவிடலாம். இத்தனை எளிய உபாயம் எனக்குப் பெருவியப்பளித்தது.

இரண்டு பெரிய கோப்புகளையே இரண்டு வட்டுகளாகப் பாவித்து, ஒரே கணிப்பொறியில் சோதனையைத் தொடங்கினேன். 100 எம்.பி. அளவுள்ள எழுத்துக் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றி அனுப்பினேன். முழுக் கோப்புமே போயிற்று! முறைமையின் குற்றமன்று, நான் பயன்படுத்திய எடிட்டர் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதிவிட்டிருந்தது. பிறகு அந்த ஒரு பைட்டை மட்டும் அதன் இடத்திலேயே மாற்றினேன். இம்முறை 1,31,072 பைட்டுக்குச் சற்றே கூடுதலாகப் போயிற்று. அதாவது, 128 கே.பி. கொண்ட ஒரே ஒரு பிளாக்.

அடுத்த நாள் நகல் ஏற்கவே மறுத்தது. கடைசி ஸ்நாப்ஷாட்டுக்குப் பின் நகல் மாறிவிட்டதாம். நான் அதில் எதையும் எழுதவில்லையே! உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன், அவ்வளவே. பார்த்த நேரம் பதிவானதே மாற்றமாகிவிட்டது. நகலைப் ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிய பின் இத்தொல்லை வரவில்லை.

ஆனால் இப்படி மறுத்துக் கூறும் பிழை நல்ல பிழை. கூறாத பிழையும் உண்டு. கோப்பில் வெறும் சுழியங்களாக உள்ள நீண்ட பகுதி வட்டில் எழுதப்படுவதில்லை. அது ‘துளை’ எனப்படும். முன்பு தகவல் இருந்த இடம் பிறகு துளையானால், அச்செய்தி நகலுக்கும் போக வேண்டும். லினக்ஸ் பதிப்பில் சில சூழ்நிலைகளில் துளையின் பிறப்பெண் தவறாகப் பதிந்தது. அனுப்புநர் அதைப் பழைய துளை என்று கருதித் தாண்டிவிட, நகலில் பழைய தகவல் அப்படியே நின்றது. சரிபார்ப்புத் தொகையோ நகலில் எழுதப்பட்டதைத்தான் காக்கிறது. எழுதப்படாமல் விடுபட்டதை அது எங்ஙனம் அறியும்? எனவே எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை. 2016இல் வந்த 0.6.5.8 பதிப்பு முதல், துளைகளின் பிறப்பெண்ணை நம்பாமல் அனுப்புவதே இயல்பான ஏற்பாடாயிற்று.

இதைப் படித்த பின் நான் ஒரு சிறு நிரல் எழுதினேன். அது கோப்புகளில் ஆங்காங்கே எழுதும், வெட்டும், துளையிடும். ஸ்நாப்ஷாட் எடுத்து அனுப்பும். பிறகு இரு பக்கத்துக் கோப்புகளையும் முழுவதும் படித்து ஒப்பிடும். இருபது சுற்றுகளிலும் ‘ஒன்றே’ என்று வந்தது. மகிழ்ச்சியோடு விரிவுரையாளரிடம் காட்டினேன். “வேறுபாடு இருந்தால் உன் நிரல் கண்டுபிடிக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

பூட்டைத் திறந்து நகலில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றினேன். அப்போதும் ‘ஒன்றே’ என்றது நிரல்! பார்த்தால், ஒப்பிடும் வரியில் இரண்டு இடங்களிலும் மூலத்தின் பெயரையே எழுதியிருக்கிறேன். இருபது சுற்றும் மூலத்தை மூலத்தோடே ஒப்பிட்டிருக்கிறேன். அந்த வரியைத் திருத்தினேன். மாற்றிய எழுத்து உடனே பிடிபட்டது. பிறகு வட்டுகளைப் புதிதாக அமைத்து, முதல் சுற்றிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.