சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்கலாம்!

சதுரங்கத்தில் ஒரு சிப்பாயைத் தெரிந்தே வெட்டக் கொடுத்தால் நட்டம்தானே? எப்போதும் அப்படியில்லை. பதிலுக்கு நேரம் கிடைத்தால் அது லாபமாகவும் ஆகலாம். இப்படிக் காயைப் பலி கொடுத்துத் தொடங்குவதை 'காம்பிட்' என்பார்கள். வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர் எவான்ஸ் 1820-களில் ஆடிக் காட்டிய காம்பிட் ஒன்றைப் பார்ப்போமா?

பலகையை எடுத்து வையுங்கள். நீங்கள் வெள்ளை. ராஜாவின் சிப்பாயை இ4 கட்டத்துக்கு நகர்த்துங்கள், கறுப்பு இ5. உங்கள் குதிரை எஃப்3. கறுப்புக் குதிரை சி6. உங்கள் மந்திரி சி4. கறுப்பு மந்திரி சி5. இதுவரை பலரும் ஆடுவதுதான். நான்காவதாக, சிப்பாயை பி4-க்குத் தள்ளுங்கள்! கறுப்பு மந்திரி அதை வெட்டுகிறது. உடனே சி3-க்கு ஒரு சிப்பாயை நகர்த்தி மந்திரியை மிரட்டுங்கள். அது ஏ5-க்கு ஓடும். அடுத்து டி4.

இப்போது கணக்குப் பாருங்கள். கறுப்பு ஒரே மந்திரியை மூன்று முறை நகர்த்திவிட்டது. நீங்களோ பலகையின் நடுவில் இரண்டு சிப்பாய்களை நிறுத்திவிட்டீர்கள். உங்கள் ராணி பி3-க்கு வரலாம். மந்திரியும் ராணியும் ஒரே கோட்டில் நின்று எஃப்7-ஐக் குறிவைக்கும். அந்தக் கட்டத்துக்குத் தொடக்கத்தில் ராஜா மட்டுமே காவல். இன்னொரு மந்திரி ஏ3-க்கு வந்தால், குறுக்கே காய் இல்லாதவரை எஃப்8 அதன் பிடியில் இருக்கும். அப்போது கறுப்பு ராஜா அந்தப் பக்கம் கோட்டை கட்டிக்கொள்ள முடியாது.

1852-இல் பெர்லினில் ஆண்டர்சன் இந்தத் தொடக்கத்தை ஆடினார். கோட்டை கட்டாமல் நடுவிலேயே நின்ற கறுப்பு ராஜாவை, தம் ராணியையும் பலி கொடுத்து 24-ஆவது நகர்த்தலில் மடக்கினார்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. உலக சாம்பியனாக இருந்த லாஸ்கர், வாங்கிய சிப்பாயைத் தக்க சமயத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டால் தாக்குதல் தணியும் என்று காட்டினார். அதன்பின் பெரிய போட்டிகளில் இந்த ஆட்டம் அரிதாயிற்று. ஆனால் 1995-இல் ரிகா நகரில் காஸ்பரோவ் திடீரென்று இதை எடுத்து, நம் விசுவநாதன் ஆனந்தை 25 நகர்த்தல்களில் வென்றார்!

ஒன்றை மறக்காதீர்கள். வாங்கிய நேரத்தைச் சேமித்து வைக்க முடியாது. நீங்கள் இரண்டு நகர்த்தல்களை வீணாக்கினால், கறுப்புக் காய்கள் வெளியே வந்துவிடும், ராஜாவும் பத்திரமாகிவிடும். பிறகு உங்களுக்கு மிஞ்சுவது ஒரு சிப்பாய்க் குறைவு மட்டுமே. எனவே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நகர்த்தல் புதிய காயை வெளியே கொண்டுவருகிறதா, அல்லது எதிரியை மிரட்டுகிறதா? இரண்டும் இல்லையென்றால் வேறு நகர்த்தலைத் தேடுங்கள்.