உங்கள் உடலுக்கு ஏற்ற சேலை எது?

குட்டை, நெட்டை, பருமன், மெலிவு - யாருக்கு எது பொருந்தும்?

பண்டிகைக் காலத்தில் ஜவுளிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பெண்ணுக்குச் சேலை எடுக்க ஆறு பேர் வந்திருப்பார்கள். ஆறு பேரும் ஆறு விதமாகச் சொல்வார்கள்.

"இது உனக்கு எடுக்காது" என்பார் அத்தை. "நீ குள்ளம், உனக்குப் பெரிய கரை எதற்கு?" என்பார் சித்தி. "கறுப்பாக இருக்கிற பெண்ணுக்கு இந்தக் கலரா?" என்று இன்னொரு குரல் வரும். கட்டிக் கொள்ளப் போகிற பெண் மட்டும் வாய் திறக்க மாட்டாள்!

கடைசியில் விலை உயர்ந்த சேலை ஒன்றை எடுத்துக் கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டுவாள். பிறகு அது பீரோவில் தூங்கும். "எனக்கு எந்தச் சேலையும் நன்றாக இருக்காது" என்று அந்தப் பெண்ணும் நினைத்துக் கொள்வாள்.

பணமும் போயிற்று, மனமும் நொந்தது. இது தேவையா?

உடம்பில் குறை எதுவும் இல்லை. உடம்புக்கு ஏற்ற துணியை எடுக்காததுதான் குறை. அதை எடுப்பது பெரிய வித்தையல்ல. சில விஷயங்களைத் தெரிந்து கொண்டால் போதும்.

முதலில் அகலத்தைப் பாருங்கள்

சேலை எடுக்கும்போது எல்லோரும் நீளத்தைக் கேட்கிறார்கள். ஐந்தரை மீட்டர் என்று கடைக்காரர் சொல்வார். ரவிக்கைத் துணியும் சேர்ந்திருந்தால் ஆறு மீட்டருக்கு மேல் இருக்கும். ஆனால், அகலத்தை யாரும் கேட்பதில்லை. தோற்றத்தை முடிவு செய்வதில் அகலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சேலையின் அகலம் பெரும்பாலும் 45 முதல் 48 அங்குலம். குட்டையான பெண்ணுக்கு இடுப்பில் இருந்து பாதம் வரை 36 அங்குலம்தான் இருக்கும். மீதித் துணி எங்கே போகும்? இடுப்பில்தான் சொருக வேண்டும். அந்த மடிப்பு, இடுப்பைப் பருமனாகக் காட்டும். "சேலை கட்டினால் குண்டாகத் தெரிகிறேன்" என்று சிலர் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, குட்டையானவர்கள் மெல்லிய துணியாகப் பார்த்து எடுக்க வேண்டும். மடித்துச் சொருகினாலும் அது உப்பிக் கொண்டு நிற்காது.

உயரமானவர்களுக்கு நேர்மாறான தொல்லை. அகலம் குறைந்த கைத்தறிச் சேலை கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும். அவர்கள் கடையிலேயே சேலையை இடுப்பில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

குட்டையானவர்கள்

கண் மேலிருந்து கீழே தடையில்லாமல் ஓடினால் ஆள் உயரமாகத் தெரிவார். நடுவில் தடுத்து நிறுத்தினால் உயரம் குறைந்து தெரியும். இதை மறக்காமல் இருந்தால் போதும்.

சேலைக்கு முற்றிலும் மாறான நிறத்தில் அரை அடி அகலத்துக்குக் கரை இருந்தால், காலின் பாதியில் கோடு போட்டதுபோல் ஆகிவிடும். இரண்டு மூன்று அங்குலக் கரையே போதும். பெரிய கரைதான் பிடிக்கிறதா? உடல் பகுதியின் நிறத்தை ஒட்டிய கரையாக எடுங்கள். கண் நிற்காமல் ஓடிவிடும்.

பூவும் கட்டமும் சிறியனவாக இருக்கட்டும். மதுரைச் சுங்குடியின் சின்னச் சின்னப் புள்ளிகள் குட்டையானவர்களுக்கு மிகவும் பொருந்தும். விலையும் கையைக் கடிக்காது. இந்தச் சுங்குடிக்கு 2005-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

சேலையும் ரவிக்கையும் ஒரே நிறமாக இருந்தாலும் உயரம் கூடித் தெரியும். இன்னொன்று: செருப்பைப் போட்டுக் கொண்டு, அதன் பிறகு சேலை கட்டுங்கள். பாதம் வரை சேலை இறங்கினால் ஓரிரண்டு அங்குலம் உயர்ந்ததுபோல் இருக்கும்.

உயரமானவர்கள், மெலிந்தவர்கள்

பெரிய கரை, பெரிய பூ, பெரிய கட்டம் எல்லாம் உயரமானவர்களுக்காகவே நெய்தவை போல் இருக்கும். காரைக்குடிக் கண்டாங்கியை எடுத்துக் கொள்ளுங்கள். அழுத்தமான நிறம், பட்டையான கரை, பளிச்சென்ற கட்டம். உயரமான பெண் கட்டினால் அத்தனையும் எடுப்பாகத் தெரியும். கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மெலிந்தவர்களுக்கு விறைப்பான துணி நல்லது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை உடம்போடு ஒட்டாமல் விலகி நிற்கும். உடல் நிறைந்து தெரியும். முந்தானையை மடிக்காமல் விரித்து விட்டாலும் இதே பலன் கிடைக்கும்.

பருமனானவர்கள்

பருமனானவர்கள் இரண்டு துணிகளைத் தவிர்க்கலாம். உடம்போடு ஒட்டிக் கொள்ளும் மிக மெல்லிய ஜார்ஜெட் ஒன்று. முறுக்கிக் கொண்டு நிற்கும் விறைப்பான துணி மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில், வழிந்து விழும் துணியே ஏற்றது. மென்பட்டு, மைசூர் கிரேப், துவைத்துப் பழகிய பருத்தி எல்லாம் இந்த வகை.

பொதுவாக, வெளிர் நிறப் பொருள் கண்ணுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அடர்ந்த நிறப் பொருள் சிறிதாகத் தெரியும். அதற்காக எப்போதும் கறுப்பும் நீலமுமாகவே கட்ட வேண்டும் என்பதில்லை. அரக்கு, கரும்பச்சை, கத்திரிப்பூ நிறம் என்று எத்தனையோ இருக்கின்றன.

இடுப்பு அகன்றவர்கள் கொசுவத்தை விரலால் நன்றாக நீவி, ஒரே சீராக அடுக்கி, உள்புறம் ஊக்குக் குத்த வேண்டும். நேராக இறங்கும் கொசுவம், மேலிருந்து கீழே கோடு போட்டது மாதிரி. விரிந்து போன கொசுவம், இடுப்பை இன்னும் விரித்துக் காட்டும்.

பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வயிறு முன்னால் தெரியும். அவர்கள் முந்தானையைச் சற்று தாராளமாக விட்டு, வயிற்றின் குறுக்கே சாய்வாக வரும்படி கட்டலாம். இழுத்து இறுக்கிக் கட்டினால் வயிறு மறையாது, இன்னும் துருத்தும்.

குறுக்குக் கோடு குண்டாகக் காட்டுமா?

"குறுக்குக் கோடு போட்ட துணி ஆளைக் குண்டாகக் காட்டும்" என்று எல்லோரும் சொல்கிறோம். விஞ்ஞானிகள் அப்படிச் சொல்லவில்லை!

ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் ஜெர்மனியின் புகழ்பெற்ற விஞ்ஞானி. கண் பார்வையைப் பற்றி 1867-ல் அவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில், குறுக்குக் கோடுகள் போட்ட சதுரமே உயரமாகத் தெரிகிறது என்றார். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். குறுக்குக் கோட்டு உடை ஆளைப் பருமனாகக் காட்டுவதில்லை என்பதே அவர்கள் முடிவு.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளில் ஒரே அளவாக இரண்டு சதுரம் அளந்து கொள்ளுங்கள். சுற்றிக் கட்டம் போட வேண்டாம். ஒன்றில் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள். மற்றொன்றில் நெருக்கமாக நெட்டுக் கோடுகள். வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டு எது உயரம் என்று கேளுங்கள். வேடிக்கையாக இருக்கும்!

ஒரு எச்சரிக்கை. இது சீராக, நெருக்கமாக வரும் பல கோடுகளுக்குத்தான் பொருந்தும். ஒரே ஒரு பட்டையான கரை வேறு விஷயம். அது உயரத்தை இரண்டாகப் பிரித்துத்தான் காட்டும்.

102 வயது வாழ்ந்தவர் சொன்ன நிற ரகசியம்

பாரிஸ் நகரில் கோப்லான் என்ற பழைய நெசவுச்சாலை உண்டு. அங்கே சாயப் பகுதிக்குத் தலைவராக 1824-ல் செவ்ரல் என்ற ரசாயன அறிஞர் வந்தார். வந்ததும் அவருக்கு ஒரு புகார். "கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கலாகத் தெரிகிறது" என்றார்கள்.

செவ்ரல் ஆராய்ந்தார். சாயத்தில் குற்றம் இல்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் வைத்து நெய்ததால் கறுப்பு சோர்ந்து தெரிந்தது! ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது, பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அவர் கண்டுபிடித்தார். 1839-ல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். 1786-ல் பிறந்த அவர் 1889-ல், 102 வயதில் காலமானார்.

நம் காஞ்சிபுரத்து நெசவாளிகள் இந்த உண்மையைக் கைப்பழக்கத்திலேயே அறிந்தவர்கள். உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிரான நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிறார்கள். பழைய முறையில் மூன்று நாடாக்கள் ஓடும். கூட ஒரு ஆள் உதவிக்கு வேண்டும். அவ்வளவு பாடுபடுவது, ஒரு நிறம் மற்றொன்றைத் தூக்கிக் காட்டுவதற்காகத்தான்.

இதில் இருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன? முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ரவிக்கையும் தோளில் போட்ட முந்தானையும்தான். அந்த இரண்டின் நிறம்தான் முகத்தின் பொலிவைக் கூட்டும், குறைக்கும். சேலையின் அடிப்பகுதி என்ன நிறமாக இருந்தாலும் முகத்துக்குக் கவலை இல்லை.

கறுப்பு நிறமா? கவலை எதற்கு?

"கறுப்பான பெண் வெளிர் நிறம்தான் கட்ட வேண்டும்" என்று சொல்லியே பல பெண்களின் ஆசையைக் கெடுத்துவிட்டார்கள். இது தவறு. மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில் கழுத்து நிறம், இலைப் பச்சை எல்லாம் கறுத்த மேனியில் சுடர்விடும். சாம்பல் பூத்த மங்கல் நிறங்கள்தான் சில சமயம் முகத்தைச் சோர்வாகக் காட்டும். அதையும் கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சேலையைத் தோளில் போட்டு, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கில் தெரிகிற நிறம் வேறு; வெயிலில் தெரிகிற நிறம் வேறு. முதலில் முகத்தைப் பாருங்கள். அப்புறம் சேலையைப் பாருங்கள். முகம் தெளிவாகத் தெரிந்தால் அது உங்கள் நிறம். யார் என்ன சொன்னாலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

ரவிக்கையில் இருக்கிறது பாதி அழகு

ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சேலை எடுத்துவிட்டு, ரவிக்கையை அவசரமாகத் தைப்பவர்கள் பலர். ரவிக்கை சரியில்லாவிட்டால் பட்டுச் சேலையும் எடுபடாது.

கை முடியும் இடத்தில் பார்ப்பவர் கண் நிற்கும். ஆகவே, கையின் பருத்த பகுதியில் ரவிக்கைக் கை முடியக் கூடாது. பருத்த கை உள்ளவர்கள் முழங்கைக்குச் சற்று மேலே வரை வைக்கலாம். கழுத்து குட்டையானவர்களுக்கு இறங்கிய கழுத்தும், நீண்ட கழுத்து உள்ளவர்களுக்கு ஏறிய கழுத்தும் பொருந்தும். தோள் அகன்றவர்கள் புஜத்தில் சுருக்கு வைத்த கையைத் தவிர்க்கலாம்.

அளவுக்குப் பழைய ரவிக்கையைக் கொடுக்கிறீர்களா? அது இப்போதும் உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள். பருத்தித் துணியையும் உள்துணியையும் தைக்கும் முன் தண்ணீரில் நனைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கும். தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விடச் சொல்லுங்கள். உடம்பு கூடினால் பிரித்துப் பெரிதாக்கலாம்.

நாடாவை இறுக்காதீர்கள்!

சேலை நழுவாமல் இருக்க வேண்டும் என்று உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம். இடுப்பில் தழும்பே விழுந்துவிடுகிறது.

இதை அலட்சியம் செய்யக் கூடாது. மராட்டியத்தையும் பீகாரையும் சேர்ந்த டாக்டர்கள், 2024-ல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு மூதாட்டிகளைப் பற்றி எழுதினார்கள். பல வருடங்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் தோல் உராய்ந்து, ஆறாத புண் ஏற்பட்டு, அது புற்றுநோயாக மாறியிருந்தது.

இது மிக அரிதாக நடப்பது; பயப்பட வேண்டாம். ஆனால் நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தையுங்கள். கட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிக் கட்டுங்கள். வீட்டில் இருக்கும்போது தளர்த்தி விடுங்கள். இடுப்பில் புண் வந்து ஆறாமல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

மெலிந்த ஆண்களுக்கு எட்டு முழ வேட்டி நிறைவாக இருக்கும். வயிறு பெருத்தவர்களுக்கு நாலு முழமே போதும். முன்னால் மடிப்பு குவியாது. சட்டையின் தோள் தையல், தோள் எலும்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். தொளதொளவென்று சட்டை போட்டால் தொந்தி மறைந்துவிடும் என்று நினைப்பது வீண் நினைப்பு!

கடைக்குப் போகும் முன்

* இருக்கிற சேலைகளில் உங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று நீங்களே நினைப்பது எது? அதன் கரையையும் நிறத்தையும் துணியையும் கவனித்துக் கொண்டு போங்கள்.

* பணம் இவ்வளவுதான் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஒரே சேலைக்கு இரண்டு நிறத்தில் ரவிக்கை தைத்தால் இரண்டு சேலை போல் இருக்கும். சேலைக்காகக் கடன் வேண்டாம்.

* கல்யாணப் பெண் மணவறையில் வெகுநேரம் உட்கார வேண்டும். சரிகை மிகுந்த பட்டு ஒரு கிலோவை எட்டுவதும் உண்டு. கையில் தூக்கிப் பார்த்து எடுங்கள்.

* வயதானவர்களுக்கு எடை குறைந்த, தரையில் இழுபடாத சேலை வாங்குங்கள். தடுக்கி விழுந்தால் பெரிய துன்பம்.

* கட்டிக் கொள்பவரிடம் முதலில் கேளுங்கள். மற்றவர்கள் யோசனையை அப்புறம் கேட்கலாம்.

கட்டிய பிறகு ஒரு சோதனை. உட்காருங்கள், எழுந்திருங்கள், கையைத் தூக்குங்கள், நாலு படி ஏறுங்கள். எங்கும் இழுக்கவில்லை, நழுவவில்லை, கை அடிக்கடி சேலையைத் தேடவில்லை என்றால், அதுதான் உங்களுக்கு ஏற்ற சேலை. நீங்கள் சேலையை மறந்து சிரித்துப் பேசலாம். பார்ப்பவர்களும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.