வயலோரக் குளத்து மீன்களின் நலம் பேணல்

கண்டியைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில், மேட்டில் காய்கறித் தோட்டமும் தாழ்வில் நெல்வயலும் உடைய கமக்காரருக்கு, வயலோரச் சிறு குளத்தில் மீன் வளர்த்தல் பயன்தரும் உபதொழிலாகும். நோயுற்ற மாடு தீனி தின்னாது நிற்பது எளிதிற் புலப்படும். மீனின் நோயோ நீருள் மறைந்திருப்பது. ஆதலின் அதை நாள்தோறும் கவனித்தல் அவசியம்.

காலைப் பார்வை: நீர்ப்பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும்; இரவில் அதனை உட்கொள்ளும். ஆகவே சூரியோதயத்திற்குச் சற்று முன்னரே நீரில் பிராணவாயு மிகக் குறைவாயிருக்கும். அவ்வேளை மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால், உணவையும் பசளையையும் உடனே நிறுத்தி, புதுநீரை உயரத்திலிருந்து விழச்செய்தல் வேண்டும்.

நீரின் நிறம்: சேற்றுக் கலங்கலற்ற நீரில் கையை அமிழ்த்துக. முழங்கை நனையும்போது உள்ளங்கை மறையுமாயின் பசுமை அளவானது. மணிக்கட்டு நனையும்போதே மறையுமாயின் பாசி மிகுந்துவிட்டது, பசளை இடலாகாது. கழிவு சேர்ந்த நீரில் பாசி எவ்வாறு பெருகும் என்பதற்கு, 1999ஆம் ஆண்டில் பச்சைநிறமாய் மாறிய கண்டி ஏரியே சான்று.

உடற் பரிசோதனை: இரு வாரத்திற்கொருமுறை வலைவீசிச் சில மீன்களைப் பிடித்துப் பார்க்க. பூக்கள் செந்நிறமாயும், செதிலும் செட்டையும் சிதையாமலும் இருத்தல் நலம். 1987ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் தோன்றிய புண்நோய், பூஞ்சணத்தையொத்த நுண்ணுயிரால் வருவது. விரால் அதற்கு எளிதில் இரையாகும். திலாப்பியா பெரும்பாலும் தாங்கும். காட்டுமீன்கள் குளத்துட் புகாதவாறு நீர்வாயிலுக்கு வலை கட்டுதல் நன்று.

மரணத்தின் காரணம்: பெரிய மீன்கள் விடியலில் முதலில் மடிந்தால் பிராணவாயுக் குறைவெனக் கொள்க. நாளுக்குச் சில மீன்கள் புண்ணுடன் மடிந்தால் நோயாம். சிறிதும் பெரிதும் புண்ணின்றி ஒருங்கே மடிந்தால் நஞ்சு கலந்ததோவென ஐயுறுக. தக்காளிக்கும் போஞ்சிக்கும் தெளிக்கும் கிருமிநாசினிகளுட் பல, மிகச் சிறிதளவிலேயே மீனைக் கொல்லும். தோட்டத்து மழைநீர் குளத்துட் புகாமல் வரம்பும் வடிகாலும் அமைக்க. தெளிகருவியைக் குளத்திலோ அதற்கு நீர்தரும் வாய்க்காலிலோ கழுவலாகாது.

நோய் கண்டவிடத்து, அழுகிய மீனையன்றி, நோயுற்ற உயிர்மீனைக் குளத்துநீருடன் எடுத்துச்சென்று, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலோ நீர்வாழ் உயிரின வளர்ப்பு உத்தியோகத்தரிடமோ காட்டி ஆலோசனை பெறுக. இறந்தவற்றைக் குளத்திற்கு அப்பால் சுண்ணாம்பிட்டுப் புதைக்க. விடியற்காலையிற் குளக்கரையில் நிற்கும் சில நிமிடங்கள், பல மாத உழைப்பைக் காக்கும்.