துணைவேந்தரை நியமிக்கும் உரிமை யாருடையது?

அரபிக் கல்லூரியில் ஓதி முடித்தவருக்கு வழங்கப்படும் ஸனதும், பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமும் நம் மௌலவிகள் பலரின் இல்லங்களில் ஒரே பெட்டியில் பேணி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் அவ்விரண்டின் மதிப்பும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து பிறப்பவை. ஸனதின் மதிப்பு, அதை வழங்கும் உஸ்தாது தம் உஸ்தாதிடமிருந்தும், அவர் தமக்கு முந்தியவரிடமிருந்தும் பெற்ற அறிவுத் தொடரில் இருக்கிறது. ஆட்சியாளருக்கு அதில் இடமில்லை. பட்டத்தின் மதிப்போ ஒரு சட்டத்தில் இருக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் சிறப்பாக அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவையன்றி வேறெவரும் பட்டம் வழங்கலாகாது என்கிறது 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம். கல்லூரி ஒன்றை ஒரு சமுதாயம் தன் பொருளால் எழுப்பிவிடலாம். பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வேண்டும். ஆகவே அச்சட்டத்தின் ஒரு சொல்லை மாற்றுவதும்கூட அதன்கீழ் பயிலும் ஒவ்வொருவரையும் தொடும் செயலாகிறது.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடந்துவரும் வழக்காடல் அத்தகைய ஒரு சொல்லைப் பற்றியதே. துணைவேந்தரை நியமிப்பவர் ‘வேந்தர்’ என்றிருந்த இடத்தில் ‘அரசு’ என்று எழுதலாமா என்பதே வினா.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழ்வோருக்கு இது தொலைவில் நடக்கும் அரசியல் அன்று. பட்டாபிராம் இந்துக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் உள்ள ஆலிம் முஹம்மது ஸாலிஹ் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துக் கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றின் குடைக்கீழ் வருபவை. நம் ஆலிம்கள் எழுதும் அஃப்ஸலுல் உலமா தேர்வும் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையதே. அங்கே 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர் பதவி காலியாயிற்று. பொறுப்புக் குழுக்கள் நிர்வாகத்தை ஏற்றன. 2024இல் சென்னைப் பல்கலைக்கழகம் துணைவேந்தர் இல்லாமலேயே பட்டமளிப்பு விழா நடத்தியது.

வேந்தர் பதவி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காண வேண்டும். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களுக்கும் தனித்தனிச் சட்டங்களால் பல்கலைக்கழகங்கள் அமைந்தன. சென்னையின் முதல் வேந்தர், அன்றைய மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு. கர்ஸன் பிரபு காலத்தில் வந்த 1904ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் பிடியை இறுக்கியது. பின்னர் இரட்டையாட்சியில் கல்வித்துறை இந்திய அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்தபோது, நீதிக்கட்சி ஆட்சியில் 1923ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பல திருத்தங்களுடன் இன்றும் சென்னைப் பல்கலைக்கழகத்தை ஆள்வது அதுவே. ஆளுநரை வேந்தராக்கியது இத்தகைய சட்டங்கள்தாம். அரசியல் சாசனம் ஆளுநருக்கு அளித்த அதிகாரங்களில் வேந்தர் பதவி இல்லை. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் வந்த பொறுப்பைச் சட்டமன்றமே திரும்பப் பெறலாமே என்னும் வாதம் இங்கிருந்துதான் எழுகிறது. ஆளுநர்மீது இச்சுமையை ஏற்றலாகாது என்று மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையமும் 2010இல் பரிந்துரைத்தது. கட்சி நோக்கில் மட்டும் இதைப் பார்ப்பவர்கள், 1994இல் அ.தி.மு.க. ஆட்சியில் முதலமைச்சரையே வேந்தராக்கும் மசோதா நிறைவேறியதையும், அது நடைமுறைக்கு வராமற் போனதையும் நினைவிற் கொள்வது நன்று.

சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி மூவர் கொண்ட தேடுதல் குழு மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும். செனட் சார்பில் ஒருவர், சிண்டிகேட் சார்பில் ஒருவர், வேந்தர் சார்பில் ஒருவர் என்பது அக்குழுவின் அமைப்பு. அம்மூன்று பெயர்களில் ஒன்றை வேந்தர் தெரிவு செய்வார். 2022 ஏப்ரல் 25 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அந்த இறுதித் தெரிவை அரசிடம் ஒப்படைத்தது. குஜராத்திலும் தெலங்கானாவிலும் இம்முறை இருப்பதை அரசு சுட்டிக்காட்டியது.

இங்கே சட்டச் சிக்கல் ஒன்று குறுக்கிடுகிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது சாசனத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பல்கலைக்கழகங்களை அமைப்பதும் ஒழுங்குபடுத்துவதும் மாநிலப் பட்டியலின் 32ஆவது இனத்தில் இன்றும் நீடிக்கின்றன. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பதோ மத்தியப் பட்டியலின் 66ஆவது இனம். துணைவேந்தர் நியமனம் ‘ஒழுங்குபடுத்துதலா’, ‘தரமா’ என்பதில்தான் முடிச்சு விழுகிறது. தேடுதல் குழுவில் மானியக்குழுத் தலைவரின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன 2018ஆம் ஆண்டு விதிமுறைகள். உச்ச நீதிமன்றமும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வழக்கில் 2015இல், மாநிலம் ஏற்றுக்கொண்டாலன்றி மானியக்குழு விதிகள் மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தா என்றது. 2022இல் குஜராத், கேரள வழக்குகளிலோ, அவ்விதிகளுக்கு முரணான நியமனங்கள் செல்லா என்று தீர்த்தது. 2023 செப்டம்பரில் ஆளுநர் மானியக்குழுப் பிரதிநிதியைச் சேர்த்து நால்வர் குழுவை அறிவித்ததும், அரசு அவரை நீக்கிக் குழு அமைத்ததும் இந்த இரு நிலைகளின் மோதலே. இரண்டு குழுக்கள் இருந்தும் ஒரு துணைவேந்தர் கிடைக்கவில்லை!

மசோதாக்களின் பயணமோ இன்னும் நீண்டது. 2023 நவம்பரில் ஆளுநர் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். நவம்பர் 18 அன்று சட்டமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, சாசனத்தின் 142ஆவது பிரிவைக் கொண்டு, பத்தும் ஒப்புதல் பெற்றனவாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. அவை அரசிதழில் வெளிவந்தன. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு, 2025 நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு கருத்துரைத்தது. ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது, ‘ஒப்புதல் பெற்றதாகக் கருதுதல்’ என்பதற்குச் சாசனத்தில் இடமில்லை, எனினும் ஆளுநர் காரணமின்றி முடிவின்றிக் காலம் கடத்துவதும் கூடாது என்பது அதன் சாரம்.

நியமன உரிமையைப் பற்றிய இந்த விவாதம் நம் வரலாற்றுக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 459இல், அதாவது 1067இல், பக்தாதில் திறக்கப்பட்ட நிளாமிய்யா மத்ரஸாவை நிறுவிய வஸீர் நிளாமுல் முல்க், ஆசிரியரை நியமிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். இமாம் கஸ்ஸாலி 1091இல் அங்கே அமர்ந்தது அந்த வஸீரின் நியமனத்தால்தான். வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்கு ஃபுகஹாக்கள் பெரும் மதிப்பளித்தனர். எனவே நிறுவியவருக்கு உரிமை உண்டு என்பதை நாம் எளிதில் ஒப்புவோம். அந்த அளவில் மாநிலத்தின் வாதமே வலுவானது என்பது என் கருத்து. நிறுவியவர் யார் என்பதே பெருவழக்காகிவிடுவதும் உண்டு. அலீகர் பல்கலைக்கழகத்தை நிறுவியது முஸ்லிம்கள் அல்லர், 1920ஆம் ஆண்டுச் சட்டமே என்று 1967இல் கூறப்பட்ட தீர்ப்பின் அடிப்படையைத் தகர்க்க 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் நிறுவியவர் என்று உரிமை கோருபவர் பராமரிக்கவும் வேண்டுமல்லவா? 2024 தொடக்கத்தில் வருமான வரித்துறை ரூ.424 கோடி வரி கோரிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. அரசின் மானியம் பல்கலைக்கழக வருவாயில் பாதியைக்கூட எட்டவில்லை என்பதே அத்துறையின் வாதம். மேலும், இறுதித் தெரிவு ஆளுநர் மாளிகையிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு இடம்பெயர்வதால் மட்டும் அது கல்வியாளர்களின் தெரிவாகிவிடாது. மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் செனட்டுக்கும் சிண்டிகேட்டுக்கும் உள்ள இடமே என் பார்வையில் இச்சட்டத்தின் காக்கத்தக்க பகுதி. அதைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசவில்லை.

வக்ஃபு நிர்வாகத்தில் முதவல்லி பதவி காலியாகி, வக்ஃபு ஆவணப்படி நியமிக்க எவரும் இல்லாவிடில், அல்லது ஒருவரின் உரிமை பிணக்குக்கு உள்ளாகிவிடில், குறித்த காலத்துக்கு ஒருவரை வக்ஃபு வாரியம் நியமிக்கலாம் என்கிறது 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின் 63ஆவது பிரிவு. காழியின் பொறுப்பாக ஃபிக்ஹு நூல்கள் வகுத்ததன் சாயல் அதில் உண்டு. பிணக்கு வரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதப்பட்ட பிரிவு அது. பல்கலைக்கழகச் சட்டத்திலோ, இடைக்காலத்தில் அலுவல்களைப் பொறுப்புக் குழு நடத்த வழியிருக்கிறது. நியமிப்பவர்களே முரண்பட்டு நிற்கும்போது எத்தனை நாளுக்குள் யார் பதவியை நிரப்ப வேண்டும் என்பதற்கு வழியில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்த இடைவெளியை நிரப்ப முனையவில்லை.